மரவேலை பழகுவோம், பத்து விரலையும் காப்போம்



கத்தி பிடித்துப் பழகாத கை நம்மிடையே ஏது? இருட்டோடு எழுந்து பால்வெட்டுக் கத்தியுடன் நிரைக்குப் போன பரம்பரை நம்முடையது. செம்பனைக் காட்டில் உளியும் அரிவாளும் பிடிக்கிறோம். ஆகவே, “ஒரு பலகையை அறுக்கிறதுக்குக் கூடவா பாடம் வேணும்?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தி நம் கைக்கு அடங்கும். மின்சார ரம்பம் அடங்காது. கத்தி பட்டால் தையல் போடலாம். ரம்பம் பட்டால் விரலைத் தேடி எடுக்க வேண்டிவரும்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. புக்கிட் ராஜா பக்கம் ஒரு நடை போய் வந்தாலே இது தெரியும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் மேரு, காப்பார், தெலுக் கோங் பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். போர்ட் கிள்ளானில் (1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம்) சரக்கோடு வந்திறங்கும் கட்டைகளை வாங்கி, வீட்டிலேயே அலமாரி, கோழிக்கூண்டு, பூந்தொட்டி நிலை என்று செய்கிறவர்களும் உண்டு. நல்ல தொழில், நாலு காசும் வரும். அதை உடம்புக்குக் கேடில்லாமல் எப்படிப் பழகுவது என்பதை இந்த முறை பார்ப்போம்.

நம் மரம்தான் அந்த மரம்

ரப்பர் மரம் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் செங்கல் சூளைக்கும் கரி சுடவுமே போனது. பலகையாக அறுத்து வைத்தால் சில நாளில் நீலம் பாரிக்கும், வண்டு துளைத்து மாவாக்கும். அதனால் அதை யாரும் மதிக்கவில்லை. அறுத்தவுடனே போரான் மருந்தை மரத்துக்குள் ஏற்றி, சூளையறையில் உலர்த்தினால் கெடாது என்று கண்ட பிறகு நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. இன்று மலேசியாவிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி ரப்பர் மரம்தான். நம் பாட்டன் சீவிய மரத்தைப் பேரன் இழைக்கிறான்.

இதில் உடல்நலப் பாடம் ஒன்று இருக்கிறது. கடைக்கு வரும் மரம் மருந்து ஏறின மரம். பழைய கட்டடத்திலிருந்தும் தந்திக் கம்பத்திலிருந்தும் வரும் பச்சை நிறம் படிந்த மரத்தில் செம்பு, குரோமியம், பாஷாணம் கலந்த மருந்து இருக்கக்கூடும். இப்படிப்பட்ட மரத்துண்டை அடுப்பில் வைக்காதீர்கள். புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலைச் செடிக்கும் போடவேண்டாம். அந்த மரத்தில் வெட்டுப்பலகையோ அகப்பையோ செய்யவும் வேண்டாம்.

துறைமுகக் கட்டையா? முத்திரையைப் பாருங்கள்

சரக்கு ஏற்றிவரும் பாலெட் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, பன்னாட்டுச் சரக்கில் வரும் மரக்கட்டைகளைச் சுத்திகரிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு உலக அளவில் விதி வகுத்தார்கள். அதன்படி கட்டையில் ஒரு முத்திரை சுடப்பட்டிருக்கும். கோதுமைக் கதிர் போன்ற ஓர் அடையாளம், பக்கத்தில் நாட்டின் எழுத்து, அதன்பின் சுத்திகரித்த முறை.

‘ஹெச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெப்பத்தால் சுத்திகரித்த மரம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். இதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை போட்ட மரம். வீட்டு வேலைக்கு அது வேண்டாம். முத்திரை எதுவாக இருந்தாலும், எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ உள்ள கட்டையைத் தொடாதீர்கள். எந்தப் பீப்பாயிலிருந்து என்ன கசிந்து அதில் ஊறியதோ, யாருக்குத் தெரியும்? இன்னொன்று: நீல வண்ணம் பூசிய பாலெட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் கம்பெனிகளின் சொத்து. கேட்காமல் எடுத்தால் வம்பு.

பாலெட்டைப் பிரிக்கும்போது ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் ரம்பம் வைக்க வேண்டும். உள்ளே மறைந்த ஓர் ஆணி போதும், ரம்பப் பல் உடைந்து கண்ணுக்குப் பாயும். பிடுங்கிய ஆணியை ஒரு டின்னில் போடுங்கள். தரையில் விட்டால் பிள்ளைகள் காலில்தான் ஏறும்.

கைக்கருவியில் தொடங்குங்கள்

மின்சாரக் கருவி வாங்கக் காசு இருக்கிறதே என்று முதலிலேயே அதில் கை வைக்காதீர்கள். கைரம்பம், இழைப்புளி, ஓர் அங்குல உளி, கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், அளவுநாடா, சாணைக்கல், பலகையை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப், இவை போதும். மரத்தின் குணம் கைக்குத் தெரிந்த பிறகு மிஷினுக்குப் போகலாம்.

மரத்துக்கு ஓட்டம் உண்டு. ரேகை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறதோ அந்தப் பக்கம் இழைத்தால் சுருள் சுருளாக வரும். எதிர்த்து இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும், கருவியும் துள்ளும். கணு உள்ள இடத்தில் ரம்பம் சிக்கும். ஈரமரம் ரம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விபத்துகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. மரம் முரண்டு பண்ணும்போது நாம் பலத்தைக் கூட்டுகிறோம். பலத்தைக் கூட்டினால் கருவி நழுவும்.

இரண்டாவது, கூர். “கூர்மையா இருந்தா கையை வெட்டிடும்” என்று சிலர் மழுங்கின உளியையே வைத்துக்கொள்வார்கள். பால்வெட்டினவருக்கு இதில் உள்ள தப்பு உடனே விளங்கும். மழுங்கின கத்தி பட்டையைச் சீவாது, கிழிக்கும். மரத்தில் காயமாகி மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளரும். உளியும் அப்படித்தான். கூரான உளி லேசாகத் தள்ளினால் போகும், நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். மழுங்கின உளியை உடம்பெல்லாம் சாய்த்துத் தள்ள வேண்டும். அது திடீரென்று விடுபட்டால் எதிரே இருக்கும் கையில்தான் போய்க் குத்தும். வேலைக்கு உட்காருமுன் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கருவிக்கு மறக்கக் கூடாதவை:

1. பலகையைக் காலால் மிதித்தோ இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லியோ அறுக்காதீர்கள். கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள்.

2. உளி பிடிக்கும்போது இரண்டு கையும் கூருக்குப் பின்னால் இருக்க வேண்டும். கூரின் முன்னால் கையோ தொடையோ இருக்கக் கூடாது.

3. சுத்தியல் தலை ஆடுகிறதா என்று தினமும் பாருங்கள். ஆடினால் ஆப்பு வைத்து இறுக்காமல் தொடாதீர்கள்.

4. சின்ன ஆணியை விரலால் பிடிக்காமல், துணிக்கு மாட்டும் கிளிப்பால் பிடித்து அடியுங்கள். கட்டைவிரல் நகம் பிழைக்கும்.

5. உளியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். மேசை விளிம்பிலும் வைக்காதீர்கள். விழும் உளியைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். விழட்டும், கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம்.

முதல் வேலை: ஒரு மணை

பழகுவதற்கு நல்ல வேலை, சாப்பிட உட்காரும் மணை. வீட்டுக்கும் உதவும். 40 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு பலகை. அதன் அடியில் குறுக்காக வைக்க 20 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கட்டைகள்.

பலகையை அளந்து, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். கோடு போட்டபின் மறுபடியும் அளந்து பாருங்கள். அறுக்கும்போது ரம்பம் கோட்டின் மேல் போகக் கூடாது, கழிவுப் பக்கம் கோட்டை ஒட்டிப் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று இழுப்பு உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். பள்ளம் விழுந்தபின் முழு ரம்பமும் ஓடும்படி நிதானமாகத் தள்ளுங்கள். முடியும் நேரத்தில் வேகத்தைக் குறைத்து, கழிவுத் துண்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது முறிந்து சிராய் பிளந்துகொண்டு போகும்.

பிறகு ரேகையோடு இழைத்து, விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குங்கள். மேல்பலகை வழியாகத் திருகாணிக்கு முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள். துளை இல்லாமல் முறுக்கினால் ரப்பர் மரம் வெடிக்கும், திருப்புளியும் நழுவிக் கையில் ஏறும். கட்டைக்கு இரண்டு திருகாணி போதும். மணை தரையில் ஆடாமல் நின்றால் அடுத்த வேலைக்கு நீங்கள் தயார்.

மணைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். நெருப்புக்குச்சி எதுவும் தேவையில்லை. துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டின்னில் அமுக்கி வையுங்கள்.

மின்சார ரம்பத்தின் முன்னால்

தொழிற்சாலையில் வட்ட ரம்பத்தின் மேல் ஒரு காப்பு மூடி இருக்கும். பின்னால் ஒரு தகடு நிற்கும். “மூடியைக் கழட்டிடு தம்பி, அப்பத்தான் வேலை ஓடும்” என்று சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். அந்தத் தகடு எதற்கு? ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் நெருங்கி வந்து பின்பக்கப் பற்களைப் பிடித்துவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் மரம் மேலே எழும்பி உங்களை நோக்கிப் பாயும். தொழிலில் இதை ‘உதைக்குது’ என்பார்கள். மரம் உதைக்கும்போது கை ரம்பத்தின் மேல் இழுபடும். தகடு இருந்தால் மரம் நெருங்காது. ஆகவே மூடியும் தகடும் இருக்க வேண்டும், நீங்கள் ரம்பத்துக்கு நேர் எதிரே நில்லாமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும்.

உங்கள் விரல் ரம்பத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரக் கூடாது. கடைசித் துண்டைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். சிக்கிய சிராயை எடுப்பது, பல் மாற்றுவது, துடைப்பது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை நிறுத்தினாலும் ரம்பம் சில விநாடி சுற்றும். சத்தம் நின்றதா என்று கேட்காமல், சுற்று நின்றதா என்று கண்ணால் பாருங்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. பாரம் தூக்கும்போதும் சிராய் உள்ள பலகையைப் புரட்டும்போதும் கையுறை நல்லது. சுற்றும் மிஷின் முன்னால் அதுவே எமன். நூல் ஒன்று மாட்டினாலும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். கைலி, தொங்கும் சட்டை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாம் இதே கணக்குதான். தாய்மார்கள் தாலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பான் செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள்.

வீட்டில் செய்கிறவர்கள் ஒரு காரியத்தைச் செய்யவே கூடாது. இரும்பு அறுக்கும் சின்னக் கிரைண்டரில் பல் உள்ள மர ரம்பத்தட்டை மாட்டுவது. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி. மரத்தில் பல் கடித்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முகத்துக்கோ கழுத்துக்கோ வரும்.

கள்ளோ சம்சுவோ குடித்த கையால் மிஷினைத் தொடாதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளிமருந்து குடித்த நாளும் அப்படியே. இரட்டை ஷிப்டு முடித்து வந்த கண்ணும் குடித்த கண்ணுக்குச் சமம்தான். பிள்ளைகள் மணை செய்து பழகட்டும், நல்லது. ஆனால் சுற்றும் ரம்பத்தின் பக்கம் அவர்களை விடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

வெட்டுக்காயம் உடனே தெரியும். மரத்தூசு செய்யும் காயம் பல ஆண்டு கழித்துத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கின் உள்பகுதியில் வரும் புற்று அது. ஆஸ்துமா, தோல் அரிப்பு, கண் எரிச்சல் இவற்றுக்கும் தூசு காரணமாகும். ஒட்டுப்பலகையும் எம்.டி.எப். பலகையும் அறுக்கும்போது தூசோடு பசையில் உள்ள பார்மால்டிஹைடும் சேர்ந்துகொள்ளும்.

கைக்குட்டையை மூக்கில் கட்டினால் போதாது. நுண்தூசு அதைத் தாண்டிப் போகும். முகத்தில் ஒட்டி உட்காரும் என்-95 முகமூடி போடுங்கள். காற்றுக்குழாயால் தூசை ஊதாதீர்கள், உலர்ந்த தரையைப் பெருக்காதீர்கள். உறிஞ்சும் மிஷினைப் பயன்படுத்துங்கள், அல்லது தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். வேலைச் சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். முதலில் குளியுங்கள். ஒரு பக்கத்து மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டால், அல்லது அடிக்கடி ரத்தம் வந்தால், சளி என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள். நீங்கள் மரவேலை செய்கிறவர் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காதுக்கும் இதே கவனம் வேண்டும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதுதான் நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு விதி வைத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்குக் கால் மணி. வட்ட ரம்பம் சுலபமாக 100-ஐத் தொடும். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே காதடைப்பான் வேண்டும் என்று அர்த்தம். போன காது திரும்பி வராது.

அடிபட்டுவிட்டால்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், புகையிலை எதுவும் வைக்காதீர்கள். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டிவரும்.

விரல் துண்டாகிவிட்டால், துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸின் மேல் நேராக வைத்தால் சதை உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்டாது. 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். நேரம்தான் இங்கே மருந்து.

கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். சிராய் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அழுத்தாமல் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். துரு ஆணியோ அழுக்குச் சிராயோ ஆழமாக ஏறினால் ரணஜன்னி ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஊசி வேண்டும். அழுக்குக் காயத்துக்கு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலே போடச் சொல்வார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்பான மிஷினும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. அச்சட்டப்படி தர வேண்டிய கண்ணாடிக்கும் முகமூடிக்கும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது உங்கள் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொரு உரிமையையும் தந்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து நெருங்கி நிற்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். மூடி கழற்றிய ரம்பத்தின் முன்னால் நிற்கச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். பேச்சாகச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள்.

வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இது. சிகிச்சைச் செலவு கிடைக்கும். டாக்டர் கொடுத்த எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். விரல் போனால் நிரந்தர ஊனத்துக்குத் தனிக் கணக்கு. “ரெண்டு நாளு வீட்ல இரு, சம்பளம் நான் தர்றேன், சொக்சோவுக்கெல்லாம் போகாதே” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்று சின்னதாகத் தெரியும் காயம் நாளைக்குச் சீழ் பிடித்து விரல் மடங்காமல் போகலாம். அப்போது பதிவு இல்லையென்றால் கேட்க வழி இல்லை. விபத்து நடந்த நேரம், மிஷின், பார்த்தவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். எம்.சி.யின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. வீட்டில் சொந்தமாகத் தச்சு வேலை செய்கிறவர்கள், 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேர்வதற்குச் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி, மரத் தொழிற்சாலைக்குப் போகும் உங்கள் மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீ நிற்கிற மிஷின்ல மூடி இருக்கா?” பதில் ‘இல்லை’ என்று வந்தால் அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே கிளைத் தலைவரைப் பாருங்கள்.